முதல் ஈதர்நெட் ஏன் 2.94 மெகாபிட்?

ஒரு கட்டடத்துக்குள் இருக்கும் கணினிகளைக் கம்பியால் இணைக்கும் நெட்வொர்க் முறைதான் ஈதர்நெட். முதல் ஈதர்நெட்டின் வேகம் விநாடிக்கு 2.94 மெகாபிட். (பிட் என்பது ஒரு 0 அல்லது 1, மெகாபிட் என்றால் பத்து லட்சம் பிட்.) பேச்சில் ‘மூணு மெகாபிட்’ என்று முழுசாக்கிச் சொல்லிவிடுவார்கள், ஆனால் கணக்குப் போட்டால் 2.94தான் வரும். நாலு பேர் உட்கார்ந்து ‘நமக்கு எவ்வளவு வேகம் வேண்டும்’ என்று பேசி முடிவெடுத்திருந்தால் 3 என்றோ 5 என்றோ வந்திருக்கும். இப்படி ஒரு அரைகுறை எண் வந்தால், வேறு எதையோ வகுத்ததில் கிடைத்த விடையாக இருக்கும் என்று சந்தேகப்படலாம். சந்தேகம் சரிதான்.

அந்தக் காலத்து மற்ற நெட்வொர்க்குகளும் அப்படித்தான். ஆர்க்நெட் 2.5 மெகாபிட். ஆப்பிளின் லோக்கல்டாக் 230.4 கிலோபிட். ஐபிஎம்மின் டோக்கன் ரிங் 4 மெகாபிட். ஒரு கட்டடத்துக்குள் இருக்கும் கணினிகளை இணைப்பதுதான் எல்லோருக்கும் வேலை, வேகம் மட்டும் ஆளுக்கொன்று. இந்த எண்கள் பயனரின் தேவையிலிருந்து பிறந்தவை அல்ல என்பது என் கருத்து. பக்கத்தில் எந்தக் கிளாக் (கணினியின் வேலைகளுக்குத் தாளம் போடும் மின் துடிப்பு) ஓடிக்கொண்டிருந்தது, கம்பி எவ்வளவு நீளம், வந்து விழும் பைட்டுகளை (பைட் என்றால் 8 பிட்) கணினியால் விழுங்க முடிந்ததா என்பதிலிருந்து பிறந்தவை.

பக்கத்தில் இருந்த கிளாக்

1973இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி மையத்தில் ஆல்டோ என்ற கணினி உருவானது. வடிவமைத்தவர் சார்லஸ் தாக்கர். மேசைக்கு ஒரு கணினி என்பது அப்போது பெரிய கனவு. அந்தக் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்க வேண்டும், லேசர் பிரிண்டரோடும் இணைக்க வேண்டும். ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் அந்த வேலையில் இறங்கினார்கள். 1973 மே 22 தேதியிட்ட அலுவலகக் குறிப்பு ஒன்றில்தான் மெட்காஃப் ஈதர்நெட்டின் திட்டத்தை எழுதினார்.

அடிப்படை யோசனை ஹவாய் பல்கலைக்கழகத்தின் அலோஹா நெட்வொர்க்கிலிருந்து வந்தது. நார்மன் ஆப்ரம்சனின் குழு தீவுகளுக்கு இடையே ரேடியோவில் தரவு அனுப்பிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் ஒரே அலைவரிசை. சொல்ல வேண்டியது இருந்தால் சொல்லிவிட வேண்டியது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொண்டால், கொஞ்சம் பொறுத்து மறுபடி. அலோஹாவின் வேகம் விநாடிக்கு 9,600 பிட். மெட்காஃப் ரேடியோவுக்குப் பதில் ஒரு கோஆக்சியல் கேபிளை, அதாவது நடுவில் ஒரு கம்பியும் அதைச் சுற்றி உலோக உறையும் உள்ள கேபிளை, வைத்தார். பேசுவதற்கு முன்னால் கம்பியில் வேறு யாராவது பேசுகிறார்களா என்று கேட்கவும், பேசும்போதே மோதல் நடக்கிறதா என்று கவனிக்கவும் வழி செய்தார்.

சரி, வேகம்? ஆல்டோவின் கிளாக் 170 நானோ விநாடிக்கு ஒரு முறை துடிக்கும். நானோ விநாடி என்பது ஒரு விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. நெட்வொர்க்குக்கென்று தனியாக ஒரு கிளாக் வைக்காமல், கணினிக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த இதையே எடுத்துக்கொண்டார்கள். தனிக் கிளாக் என்றால் கூடுதல் பாகங்கள். போதாததற்கு, ஒரே பெட்டிக்குள் ஒத்துப்போகாத இரண்டு கிளாக்குகள் ஓடினால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தகவலைக் கைமாற்றும் இடத்தில் எப்போதும் தலைவலி. இருக்கிற கிளாக் இலவசம், தலைவலியும் இல்லை.

ஒரு துடிப்புக்கு ஒரு பிட் என்று அனுப்பியிருந்தால் 5.88 மெகாபிட் கிடைத்திருக்கும். கிடைத்தது அதில் பாதி. மீதிப் பாதி எங்கே போனது என்று பார்க்கக் கம்பிக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

கம்பியில் பிட்டுகளை அனுப்ப எளிய வழி: 1 என்றால் மின்னழுத்தம் மேலே, 0 என்றால் கீழே. இதில் சிக்கல் என்னவென்றால், தொடர்ந்து நூறு பூஜ்யங்கள் அனுப்பினால் கம்பியில் ஒன்றுமே நடக்காது. கோடு அப்படியே படுத்திருக்கும். வாங்குபவர் தன் கிளாக்கைப் பார்த்து ‘இத்தனை நேரம் கீழே இருந்தது, அப்படியானால் இத்தனை பூஜ்யம்’ என்று எண்ண வேண்டும். அவர் கிளாக்கும் அனுப்புபவர் கிளாக்கும் ஒரு மயிரிழை வேறுபட்டாலும் நூறு என்பது தொண்ணூற்றொன்பதாகவோ நூற்றொன்றாகவோ ஆகிவிடும். ஒரு பிட் தவறினால் பாக்கெட் (ஒரே மூச்சில் அனுப்பும் தகவல் பொட்டலம்) முழுவதும் குப்பை.

இதற்கு மான்செஸ்டர் குறியீடு என்ற பழைய வைத்தியம் இருந்தது. ஒரு பிட்டுக்கான நேரத்தை இரண்டு பாதியாக வெட்டு. 1 என்றால் முதல் பாதி கீழே, அடுத்த பாதி மேலே. 0 என்றால் முதல் பாதி மேலே, அடுத்த பாதி கீழே. (எது 1, எது 0 என்பது பேசிவைத்துக்கொள்ளும் விஷயம், பின்னாளைய ஈதர்நெட் தரத்தில் இப்படி.) 1101 என்று அனுப்ப வேண்டுமென்றால் கம்பியில் கீழ்-மேல், கீழ்-மேல், மேல்-கீழ், கீழ்-மேல். எந்தப் பிட்டாக இருந்தாலும் அதன் நட்டநடுவில் ஒரு ஏற்றமோ இறக்கமோ கட்டாயம் உண்டு. வாங்குபவர் ஒவ்வொரு பிட்டிலும் தன் எண்ணிக்கையைச் சரிசெய்துகொள்ளலாம். கிளாக்கும் தகவலும் ஒரே கம்பியில் சேர்ந்தே வருகின்றன. கூடவே ஒரு லாபம்: கம்பியில் அசைவு இருக்கிறது என்றால் யாரோ பேசுகிறார்கள், அசைவு நின்றால் பேச்சு முடிந்தது. பேசுவதற்கு முன் கேட்டுப் பார்ப்பது இதனால் சுலபமாகிவிட்டது.

விலை என்ன? ஒரு பிட்டுக்கு இரண்டு பாதி, அதாவது இரண்டு துடிப்பு. இரண்டு 170 சேர்ந்தால் 340 நானோ விநாடி. ஒரு விநாடியை 340 நானோ விநாடியால் வகுத்தால் 29 லட்சத்து 41 ஆயிரம் சொச்சம். அதுதான் 2.94 மெகாபிட்.

இதே கணக்கில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. ஆல்டோவில் நெட்வொர்க்கைக் கவனிக்கத் தனிச் செயலி கிடையாது. ஒரே செயலி முறைவைத்துக்கொண்டு திரையை வரையும், டிஸ்க்கைப் படிக்கும், ஈதர்நெட்டையும் பார்த்துக்கொள்ளும். ஆல்டோவின் ஒரு வேர்டு, அதாவது அது ஒரே தடவையில் கையாளும் அளவு, 16 பிட். ஆக, 5.44 மைக்ரோ விநாடிக்கு (மைக்ரோ என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ஒரு முறை கம்பியிலிருந்து ஒரு வேர்டு வந்து விழும், அதற்குள் செயலிக்குக் கிடைப்பது சரியாக 32 துடிப்பு. அதிலும் பெரும் பங்கைத் திரை தின்றுவிடும். வேகம் இன்னும் ஏறியிருந்தால் இந்தப் பங்கீடு இறுகியிருக்கும். சுற்றுப்பலகையில் நெட்வொர்க்குக்கான பாகங்கள் குறைவாக இருந்ததன் ரகசியமும் இதுதான்: கடினமான வேலையைச் செயலியை உள்ளிருந்து இயக்கும் அடிப்படை நிரலான மைக்ரோகோடு செய்துகொண்டது.

2.94 போதுமாக இருந்ததா என்றால், அந்தக் காலத்துக்கு அது ஏராளம். ஜெராக்ஸின் லேசர் பிரிண்டர் அங்குலத்துக்கு 500 புள்ளி அச்சிடும். எட்டரைக்குப் பதினொன்று அங்குலத் தாள் ஒன்றில் ஏறத்தாழ 2 கோடியே 34 லட்சம் புள்ளி. அதை 9,600 பிட் வேகத்தில் அனுப்பினால் 40 நிமிடம் ஆகும். 2.94 மெகாபிட்டில் 8 விநாடி. எழுத்துகளின் வடிவங்களை பிரிண்டர் பக்கமே வைத்துக்கொண்டு, எந்த எழுத்து எங்கே என்று மட்டும் அனுப்பினால் இன்னும் குறையும், அப்படித்தான் செய்தார்கள்.

ஒரு பிட்டின் நீளம்

1980இல் டிஜிட்டல் எக்விப்மென்ட், இன்டெல், ஜெராக்ஸ் என்ற மூன்று நிறுவனங்களும் சேர்ந்து ஈதர்நெட்டுக்கு ஒரு பொதுத் தரத்தை வெளியிட்டன. வேகம் 10 மெகாபிட். முழு எண்ணாக ஆனது ஏன் என்று இப்போது எளிதாக ஊகிக்கலாம்: பல நிறுவனங்களின் பலவிதக் கணினிகள் ஒரே கம்பியில் பேச வேண்டும் என்றால், யாராவது ஒருவருடைய கணினிக்குள் ஓடும் கிளாக்கை அளவுகோலாக வைக்க முடியாது. கணினிக்குள் செருகும் நெட்வொர்க் கார்டுக்கு இனி சொந்தக் கிளாக். குறியீடு அதே மான்செஸ்டர் என்பதால் 10 மெகாபிட்டுக்கு 20 மெகாஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 2 கோடித் துடிப்பு, வேண்டும். பழைய ஈதர்நெட் கார்டு ஏதாவது கையில் கிடைத்தால் கேபிள் மாட்டும் பக்கமாகத் தேடிப் பாருங்கள். நகத்தளவு உலோக டப்பா ஒன்றில் பெரும்பாலும் 20.000 என்று அச்சிட்டிருக்கும். மான்செஸ்டரின் அந்த இரண்டு மடங்கு, கண்ணுக்குத் தெரிகிற வடிவில்.

இங்கே கிளாக்கை விடச் சுவாரசியமான கட்டுப்பாடு தூரம். மின் சைகை கம்பிக்குள் ஒளியின் வேகத்தில் போவதில்லை. ஈதர்நெட்டின் தடித்த கோஆக்சியல் கேபிளில் ஏறத்தாழ 78 சதவீத வேகம். 10 மெகாபிட்டில் ஒரு பிட்டுக்கு 100 நானோ விநாடி. அந்த நேரத்தில் சைகை 23.4 மீட்டர் நகர்ந்துவிடும். அதாவது கம்பிக்குள் ஒரு பிட் 23.4 மீட்டர் நீளம். தரத்தில் அனுமதித்த மிக நீளமான ஒரே துண்டுக் கேபிள் 500 மீட்டர். அதற்குள் ஒரே நேரத்தில் இருபத்தொரு பிட்தான் அடங்கும்! இந்த 23.4 கற்பனைக் கணக்கு மட்டுமல்ல. துண்டுகளைச் சேர்த்து நீளமாக்குவதானால் 23.4, 70.2, 117 மீட்டர் என்ற அளவுகளில் வெட்டுங்கள் என்று தரமே சொன்னது. ஒன்று, மூன்று, ஐந்து மடங்கு. இணைப்புகளில் பட்டுத் திரும்பும் எதிரொலிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பெரிதாகாமல் இருக்க இந்த ஏற்பாடு. அதே காரணத்துக்காகக் கேபிளின் மேலுறையில் 2.5 மீட்டருக்கு ஒரு குறி போட்டிருப்பார்கள். கணினியை அந்தக் குறியில் மட்டும்தான் இணைக்கலாம், இடையில் கூடாது.

இப்போது மோதலுக்கு வருவோம். ஒரு நீளமான கம்பியின் இந்த முனையில் நீங்கள், அந்த முனையில் நான். நீங்கள் கம்பியைக் கேட்டுப் பார்க்கிறீர்கள், நிசப்தம், பேசத் தொடங்குகிறீர்கள். உங்கள் முதல் பிட் என்னை வந்தடைய ஒரு கணம் இருக்கும்போது நானும் கேட்டுப் பார்க்கிறேன். என் பக்கம் இன்னும் நிசப்தம்தான். நானும் தொடங்குகிறேன். மோதல். எனக்கு உடனே தெரிந்துவிடும். உங்களுக்குத் தெரிய வேண்டுமென்றால், மோதிய சைகை கம்பி முழுக்கத் திரும்பி வர வேண்டும். அதற்குள் நீங்கள் பேசி முடித்துவிட்டுப் போய்விட்டால், பாக்கெட் பத்திரமாகச் சேர்ந்தது என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள்.

ஆகவே விதி: போய்த் திரும்பும் நேரம் முழுவதும் அனுப்புபவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். ரயிலைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் அடுத்த ஸ்டேஷனுக்குப் போய் அங்கிருந்து செய்தி திரும்பி வரும்வரை கடைசிப் பெட்டி இந்த ஸ்டேஷனை விட்டுக் கிளம்பக்கூடாது. ரயில் அவ்வளவு நீளமாக இருந்தாக வேண்டும்.

எவ்வளவு நீளம்? சைகையைப் புதுப்பித்து அடுத்த கம்பிக்கு அனுப்பும் ரிப்பீட்டர்கள் வைத்து இரண்டு கணினிகளுக்கு இடையே 2.5 கிலோமீட்டர்வரை போகலாம் என்று வைத்தார்கள். கம்பியில் மட்டும் போய்த் திரும்ப 21 மைக்ரோ விநாடி சொச்சம். ரிப்பீட்டரிலும், கேபிளோடு கணினியை இணைக்கும் டிரான்சீவரிலும் ஏற்படும் தாமதங்களையும், மோதலைக் கவனித்து அறிவிக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஐம்பதை நெருங்கும். கொஞ்சம் இடம் விட்டு 51.2 மைக்ரோ விநாடி என்று நிர்ணயித்தார்கள். 10 மெகாபிட் வேகத்தில் அது 512 பிட். 512 பிட் என்றால் 64 பைட். ஈதர்நெட் பாக்கெட் 64 பைட்டுக்குக் குறையக்கூடாது என்ற விதி இங்கிருந்துதான் வருகிறது. கம்பியில் அதன் நீளம் ஏறத்தாழ 12 கிலோமீட்டர், நெட்வொர்க்கை விட நீளமான ரயில்.

இப்போது 10 என்ற எண்ணை வேறு கண்ணால் பார்க்கலாம். இதே கம்பியில் அப்போதே 100 மெகாபிட் வைத்திருந்தால் 51.2 மைக்ரோ விநாடியில் 640 பைட் போய்விடும். மிகச் சிறிய பாக்கெட்டே அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும். ஒரு விசையை அழுத்தியதைச் சொல்ல 640 பைட் என்றால் வேகம் கூடியும் லாபமில்லை. இல்லையென்றால் கம்பியைப் பத்தில் ஒரு பங்காக வெட்ட வேண்டும். ஜெராக்ஸின் பழைய 2.94 மெகாபிட் கம்பியில் இந்தக் கவலையே இல்லை: அங்கே ஒரு பிட் 80 மீட்டர் நீளம், கம்பி 1 கிலோமீட்டர், போய்த் திரும்ப வெறும் 25 பிட் நேரம்.

விழுங்கும் வேகம்

10 மெகாபிட்டில் 0.8 மைக்ரோ விநாடிக்கு ஒரு பைட் வந்து விழும். 1981இல் வந்த ஐபிஎம் பிசியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 8088 சிப் 4.77 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. நினைவகத்தில் ஒரு பைட்டைத் தொட்டு எடுக்கவே அதற்கு நான்கு துடிப்பு, அதாவது 0.84 மைக்ரோ விநாடி. வேறு எந்த வேலையும் செய்யாமல் தொட்டுத் தொட்டு வைத்தாலும் வருகிற பைட்டுகளுக்கு ஈடுகொடுக்க முடியாது.

அதனால் கார்டிலேயே நினைவகம் வைக்க வேண்டியிருந்தது. வரும் பாக்கெட் முழுவதையும் கார்டு பிடித்து வைத்துக்கொள்ளும், பிசி தன் வசதிப்படி அள்ளிக்கொள்ளும். எவ்வளவு நினைவகம் என்பதில்தான் கார்டுகளின் தரம் தெரிந்தது. தொடக்க காலக் கார்டுகள் சிலவற்றில் ஒரு பாக்கெட்டுக்கு மட்டுமே இடம். அதைக் காலி செய்வதற்குள் அடுத்தது வந்தால் கீழே போட்டுவிடும். இரண்டு பாக்கெட்டுகளுக்கு இடையே தரம் கேட்ட இடைவெளி 9.6 மைக்ரோ விநாடிதான். 8088க்கு அது பதினோரு பைட்டைத் தொடும் நேரம். கம்பியில் 10 மெகாபிட் ஓடினாலும் கோப்பு நகர்ந்தது அதில் ஒரு சின்னப் பங்கு வேகத்தில். பெட்டியில் அச்சிட்ட எண் கம்பியின் வேகத்தைச் சொல்லும், கணினியின் வேகத்தைச் சொல்லாது.

இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது ஆப்பிள். 1985இல் வந்த அதன் நெட்வொர்க், பிற்காலத்தில் லோக்கல்டாக் என்று பெயர் பெற்றது, கார்டே கேட்கவில்லை. மேகின்டாஷில் பிரிண்டரையும் மோடத்தையும் இணைக்க ஏற்கெனவே ஒரு சீரியல் சிப் (பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புவது) இருந்தது, ஜைலாக் நிறுவனத்தின் 8530. அதையே நெட்வொர்க்குக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள். 230.4 கிலோபிட் என்ற எண்ணில் சீரியல் போர்ட்டின் வாடை அடிக்கும்: 9,600ஐ 24 மடங்காக்கினால் அதுதான். ஆல்டோ கதை மறுபடியும், பெட்டிக்குள் இருப்பதை வைத்துச் சமாளி.

அந்தச் சிப் வரும் பைட்டுகளில் மூன்றைத்தான் பிடித்து வைத்துக்கொள்ளும். முதல் மேகின்டாஷில் செயலியின் உதவி இல்லாமல் பைட்டுகளை நினைவகத்துக்குத் தள்ளும் வசதியும் அதற்குக் கிடையாது. 35 மைக்ரோ விநாடிக்கு ஒரு பைட். பாக்கெட் முடியும்வரை செயலி கண்ணிமைக்காமல் நின்று ஒவ்வொன்றாக வாங்க வேண்டும். 600 பைட் பாக்கெட் என்றால் 21 மில்லி விநாடி. இன்னொன்றையும் கவனியுங்கள்: இந்தச் சிப்பால் பேசிக்கொண்டே மோதலைக் கவனிக்க முடியாது. அதனால் விதியையே மாற்றினார்கள். முதலில் ‘அனுப்பலாமா’ என்று ஒரு சின்னக் கேள்வி, ‘அனுப்பு’ என்று பதில் வந்தால்தான் பாக்கெட். மலிவான சிப் வேகத்தை மட்டுமல்ல, பேசும் முறையையும் தீர்மானித்துவிட்டது. மெதுவானது என்று பலர் இதை எள்ளி நகையாடுவார்கள். எனக்கு இது மரியாதைக்குரிய வடிவமைப்பாகவே தெரிகிறது. ஒரு லேசர் பிரிண்டரை நாலைந்து பேர் பகிர்ந்துகொள்ள இது போதும், கணினியைத் திறக்கவே வேண்டாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டேட்டாபாயின்ட் நிறுவனத்தின் ஆர்க்நெட் ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னால் 3 பிட் சேர்த்து அனுப்பும், வாங்குபவர் பைட்டுக்கு பைட் தன் கிளாக்கைச் சரிசெய்துகொள்ள. 8 பிட் தகவலுக்கு 11 பிட் என்பதால் 2.5 மெகாபிட்டில் கைக்கு வருவது 1.8. ஐபிஎம் டோக்கன் ரிங்கில் மோதலே கிடையாது. டோக்கன் என்ற 24 பிட் சீட்டு வளையத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும், அது கையில் இருப்பவர்தான் பேசலாம். இங்கேயும் பிட்டின் நீளம் வேலையைக் காட்டியது. 4 மெகாபிட்டில் ஒரு பிட் ஏறத்தாழ 50 மீட்டர், 24 பிட் சீட்டு ஒரு கிலோமீட்டருக்கும் மேல். சின்ன அலுவலகத்தின் வளையத்தில் அது அடங்காது, தன் வாலைத் தானே கடிக்கும். அதனால் வளையத்தில் ஒரு கணினி 24 பிட்டைத் தன்னிடம் தேக்கி வைத்து, வளையம் பெரிதாக இருப்பதுபோல் பாவனை செய்தது.

பாதியை மீட்டது

1995இல் ஈதர்நெட் 100 மெகாபிட்டுக்குப் போனபோது மான்செஸ்டரைக் கைவிட்டார்கள். வைத்திருந்தால் விநாடிக்கு 20 கோடித் துடிப்பு வேண்டும். சாதாரண முறுக்குக் கம்பியால் அது ஆகாது. பதிலாக 4 பிட்டை 5 பிட்டாக எழுதும் முறை வந்தது. 16 சேர்க்கைகளுக்கு 32 குறிகள் கிடைப்பதால், நீளமான பூஜ்ய வரிசை வராத குறிகளாகப் பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம். நூறு சதவீதக் கூடுதல் செலவு 25 சதவீதமாகக் குறைந்தது. 64 பைட் விதியை மட்டும் மாற்றவில்லை. அப்படியானால் கம்பிதான் சுருங்க வேண்டும், 2.5 கிலோமீட்டர் எல்லை ஏறத்தாழ 200 மீட்டராகிவிட்டது.

அப்புறம் ஸ்விட்ச்சுகள், அதாவது பாக்கெட்டை உரிய கணினிக்கு மட்டும் அனுப்பும் பெட்டிகள், வந்தன. ஒவ்வொரு கணினிக்கும் தனிக் கம்பி, போக ஒரு வழி, வர ஒரு வழி. மோதல் என்ற பேச்சே போய்விட்டது. ஆனால் உங்கள் நெட்வொர்க்கில் வந்துபோகும் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் மென்பொருள் ஏதாவது இருந்தால், வந்து சேர்ந்த ஒரு ஏஆர்பி பாக்கெட்டைத் திறந்து பாருங்கள். ‘இந்த ஐபி முகவரி யாருடையது’ என்று கேட்கும் சின்னக் கேள்வி அது, உள்ளடக்கம் 28 பைட். 64 பைட்டில் தலைப்பும் பிழைச்சோதனையும் 18 எடுத்துக்கொண்டால் உள்ளே 46 பைட் இருந்தாக வேண்டும். பெரும்பாலும் வாலில் வரிசையாகப் பதினெட்டு பூஜ்ய பைட்டுகள் நிற்கும்.